ஏரி வாரியம் கண்டவர்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘மக்கள் பிரதிநிதியும் ஊர் மேம்பாடும்’ என்பது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் பொதுவாழ்வைச் சான்றாக எடுத்துக்கொண்டு பேசுமாறு பணித்தார்கள். யாரை எடுத்துக்கொள்வது என்று பல நாள் எண்ணிப் பார்த்தேன். இன்று பொதுவாழ்வில் இருக்கும் ஒருவரைப் புகழ்ந்தால் அது கட்சிப் பேச்சாகிவிடும். குறை சொன்னால் வழக்காகிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஆளைப் பார்ப்பதைவிட ஏட்டைப் பார்ப்பதே எனக்குப் பழக்கம். ஆகவே ஓர் ஆளின் வரலாற்றை விட்டு, அந்தப் பதவியின் வரலாற்றைச் சொல்ல முடிவு செய்தேன். அதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் ஏடு இருக்கிறது. அது கல்லில் எழுதிய ஏடு.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலை உங்களில் பலருக்குப் பழக்கமானது. ஆர்ப்பாக்கத்தில் இறங்கி ஆதிநாதரை வணங்கிவிட்டுத் திரும்பிவிடுவோம். மாகறலைத் தாண்டி மேலே செல்பவர் நம்மில் குறைவு. அவ்வாறு செல்பவர்களும் பெரும்பாலும் நிலப்பதிவுக்காகவோ திருமணத்திற்காகவோ செல்கிறார்கள். உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்திற்கு அண்மையில் வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919இலும் 921இலும், வெட்டப்பட்ட இரண்டு சாசனங்கள் உள்ளன. குடவோலைக் கல்வெட்டு என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதுதான். 1898ஆம் ஆண்டில் தொல்லெழுத்துத் துறையினர் படி எடுத்தார்கள். வெங்கய்யா எழுதினார், பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் விரிவாக ஆராய்ந்தார். அதன்பின் மேடைதோறும் பேசப்படும் பொருளாக அது மாறிவிட்டது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய நாளில் பிரதமரும் அதைக் குறிப்பிட்டார்.

இவ்வளவு பேசப்பட்டும், அந்தக் கல்வெட்டில் எல்லோரும் சொல்வது ஒரே ஒரு காட்சியைத்தான். ஒரு குடம், அதற்குள் ஓலைகள், ஒரு சிறுவன் கை விட்டு ஓர் ஓலையை எடுக்கிறான். காட்சி அழகானது, நானும் சொல்கிறேன். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவார்கள். இளையோர் முதியோர் அடங்க மகாசபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் அமர வேண்டும். அவருள் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் காணும்படி குடத்தை உயர்த்திப் பிடிப்பார். விவரம் அறியாத ஒரு பிள்ளை ஒரு கட்டை எடுக்க, அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அப்பிள்ளையே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பின் அவன் வாசிப்பான். மண்டபத்தில் உள்ள நம்பிமார் அனைவரும் அதையே வாசிப்பார்கள். பிறகுதான் பெயர் ஏறும்.

ஐந்து விரலையும் விரித்து வாங்க வேண்டும் என்று எழுதினார்களே, அதை எண்ணிப் பாருங்கள். கையை மடக்கினால் வேறோர் ஓலை உள்ளே இருக்கலாம். யாரோ ஒருவன் முன்பு அப்படிச் செய்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அலுவலக விதிகளில் வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். விசித்திரமான ஒரு விதியைக் கண்டால் அதற்குப் பின்னால் விசித்திரமான ஒரு திருட்டு இருந்திருக்கும். 919இல் எழுதிய விதியை 921இல் திருத்தி எழுதினார்கள் என்பதும் இதையே காட்டுகிறது. முதல் விதி இரண்டாண்டுகூடத் தாங்கவில்லை. அதை மறைக்காமல் இரண்டையும் சுவரிலே விட்டுவைத்தார்கள்.

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது குடத்தைப் பற்றியன்று. ஓலை எடுத்த பின் நடந்ததைப் பற்றி. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

முப்பது குடும்பிலிருந்து முப்பது பேர் வந்தாயிற்று. இவர்களில் யாருக்கு எந்த வேலை? பன்னிருவர் சம்வத்சர வாரியம். அதுவே ஆண்டு முழுதும் ஊரை நடத்தும் தலைமைக் குழு. பன்னிருவர் தோட்ட வாரியம். எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். பொன் வாரியத்திற்கும் பஞ்சவார வாரியத்திற்கும் தனியே ஓலை எடுத்தார்கள். அந்த உயர்ந்த சம்வத்சர வாரியத்தில் யார் அமரலாம்? முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியில் முதிர்ந்தவர்கள், வயதில் முதிர்ந்தவர்கள். கல்வெட்டு அப்படிச் சொல்கிறது. ஊரை ஆள வருபவன் முதலில் ஏரிக்கரையில் ஓராண்டு நின்றிருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மதகு எங்கே கசிகிறது, கலங்கல் எந்த மழையில் வழிகிறது, கடைமடைக்காரன் ஏன் கூச்சலிடுகிறான் என்பதெல்லாம் அறிந்தவனே ஊர்க்கணக்கில் கை வைக்கலாம். பொதுவாழ்வுக்கு ஒரு படிக்கட்டு உண்டென்றால், அதன் முதற்படி ஏரிக்கரை.

அந்த ஏரி எது தெரியுமா? பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வயிரமேக தடாகம் என்று அழைக்கப்பட்ட பேரேரி. ஆண்டுதோறும் அதில் தூர் எடுப்பதற்கென்று பொன் கொடுத்து வைத்த செய்திகள் அவ்வூர்க் கல்வெட்டுகளிலே உண்டு. கோயிலுக்கு விளக்கெரிக்கப் பொன் கொடுத்தால் புண்ணியம். ஏரியில் சேறு அள்ளப் பொன் கொடுத்தாலும் அதே புண்ணியம் என்று நினைத்த காலம் அது. இன்றும் அந்த ஏரி நீர் தருகிறது. நம் விழாக்களில் நன்கொடைப் பட்டியல் வாசிக்கும்போது நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு. மண்டபத்திற்கு, மின்விளக்கிற்கு, அன்னதானத்திற்கு என்று வரும். நம் ஊர்க் குளத்தின் வண்டலுக்கு என்று ஒருவரும் இதுவரை எழுதியதில்லை.

இனி கணக்கு. இது என் துறை. சற்று நீட்டிப் பேசுவேன், பொறுத்தருள வேண்டும்.

வாரியம் செய்தவர்களுக்கு 360 நாள் பதவி. அதன்பின் விலக வேண்டும். அண்மை மூன்றாண்டில் வாரியம் செய்தவன் பெயரை மீண்டும் ஓலையில் எழுதக் கூடாது. இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்குவார்கள். 360 நாள் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. இவற்றுக்கு மேலே நிற்பது ஒரு விதி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் பெயரை எந்நாளும் எழுதக் கூடாது. அவன் பெயரை மட்டுமா? அவனுடைய சிற்றவ்வை பேரவ்வை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயோடு பிறந்தான், தகப்பனோடு பிறந்தான், தன்னோடு பிறந்தான், மாமனார், மனைவியோடு பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன், தகப்பன், மகன் என்று பட்டியல் போகிறது. ஒருவன் கணக்கை மறைத்தால் ஒரு சுற்றமே ஊர்ப் பொறுப்புக்கு வெளியே நிற்கும்.

கணக்கு எழுதும் கரணத்தானுக்கும் விதி உண்டு. நேர்மையான வழியில் பொருளீட்டியவனே கணக்கு எழுதலாம். தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்டித் தூயவன் என்று ஏற்கப்பட்ட பிறகுதான் அடுத்த கணக்கில் புகலாம். அவன் எழுதிய கணக்கை முடிக்க வேறொரு கணக்கனை விடக் கூடாது. நான் பணியில் சேர்ந்த நாளில், மாற்றலாகிப் போன எழுத்தர் விட்டுச் சென்ற மூன்றாண்டுக் கணக்கை முடிக்கும் வேலைதான் எனக்கு முதலில் தரப்பட்டது. எந்த அலுவலகம், யார் என்று இங்கே வேண்டா. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இப்படிச் செய்யாதே என்று கல்லில் எழுதி வைத்தார்களே என்று பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது.

இப்போது என்னைப் பற்றிய ஒன்றைச் சொல்ல வேண்டும். பலருக்குத் தெரியாது, தெரிந்த சிலர் இந்த அவையில் இருக்கிறார்கள். பணி ஓய்வுக்கு முன் எங்கள் ஊர் ஜினாலயத் திருப்பணிக்கு நான் பொருளாளராக இருந்தேன். அரசுக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகாதவன் என்ற பெயர் எனக்கு. அதனாலேயே என்னைப் போட்டார்கள். திருப்பணி முடிந்தது, விழா சிறப்பாக நடந்தது. கணக்கு மட்டும் முடியவில்லை. சிமெண்டுக் கடைச் சீட்டுகள் சில காணவில்லை. கொத்தனாருக்குக் கையில் கொடுத்த முன்பணம் எழுதப்படாமல் இருந்தது. பணம் எங்கும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால் அலட்சியம் வந்தது. இன்று, நாளை என்று இரண்டாண்டு ஓடியது. அதற்குள் அடுத்த நிர்வாகக் குழுவை அமைக்க ஊர் கூடியது. என் மனைவியின் தம்பி, நல்ல பையன், பொறியியல் படித்தவன். அவன் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர்; இன்று இல்லை. “தம்பி, மாமா கணக்குக் காட்டலியே, மச்சினன் பேர எப்படிப்பா ஓலையில எழுதறது?” என்றார்.

அவை சிரித்தது. எனக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டிற்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். மனைவியோடு பிறந்தான் என்ற இடத்தில் கண் நின்றது. அன்றிரவு உட்கார்ந்து தொடங்கினேன். பதினேழு நாளில் கணக்கு முடிந்தது. நானூற்று இருபது ரூபாய்க்குச் சீட்டு இல்லை. அதை என் கையிலிருந்து கட்டினேன். மைத்துனர் அந்தக் குழுவில் சேரவே இல்லை. கேட்டபோது, “வேண்டாம் மாமா” என்றார். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

உத்திரமேரூரைப் புகழ்ந்துவிட்டு ஒரு குறையைச் சொல்லாமல் போனால் நான் கணக்கை மறைத்தவனாவேன். அது உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். ஓலையில் பெயர் எழுதப்பட, இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். தன் மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். ஏரியில் சேறு அள்ளியவன் பெயர் குடத்தில் விழுந்திருக்காது. எந்தப் பெண்ணின் பெயரும் விழுந்திருக்காது. அதே காலத்தில் காஞ்சியிலும் பாலாற்றங்கரை ஊர்களிலும் வாழ்ந்த நம் முன்னோர் ஒருவரின் பெயரும் விழுந்திருக்காது. மேடையில் இதை உலகின் முதல் மக்களாட்சி என்று முழங்குவோர் இந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை. அது மக்களாட்சி அன்று. ஒரு சிறு கூட்டத்தார் தம்முள் ஒருவர் மற்றவரை ஏமாற்றாதிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எடுத்துக்கொண்டு, அது அடைத்த கதவுகளை நாம் திறந்துவிட்டோம். 2016இல் தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டமானது. ஏரி வாரியத்தின் இன்றைய வாரிசு, நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு கரையில் நிற்கும் பெண் என்றால் அது மிகையன்று.

இந்தியாவின் அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது முதல் வரைவில் கிராமப் பஞ்சாயத்து என்ற சொல்லே இடம்பெறவில்லை. 1948 நவம்பரில் கா. சந்தானம் அதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அந்த விவாதத்தில், சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஆந்திர கேசரி த. பிரகாசம் எழுந்து, காஞ்சிக்கு அருகே ஒரு கோயில் சுவரில் ஆயிரமாண்டுக்கு முந்திய தேர்தல் விதிகள் இருப்பதை எடுத்துக் கூறினார். திருத்தம் ஏற்கப்பட்டது, அதுவே 40ஆம் பிரிவு. பின்னர் 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கியது. வட்டார வளர்ச்சி அலுவலர் என்று நாம் இன்றும் அழைக்கும் பதவி அந்தத் திட்டத்தின் பிள்ளை. ஐந்தாண்டு கழித்துப் பல்வந்த்ராய் மேத்தா குழு ஆராய்ந்து, அரசு வேலை செய்கிறது, மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்ற உண்மையைக் கண்டது. அதன் விளைவாக 1958இல் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன. நான் சம்பளம் வாங்கியது அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்.

இப்போது சட்டமன்ற உறுப்பினரிடம் வருவோம். உத்திரமேரூர் ஒரு சட்டமன்றத் தொகுதி. 1980இல் அங்கு வென்ற ஜெகத்ரட்சகன் பின்னர் நாடாளுமன்றம் சென்று மத்திய அமைச்சரவையிலும் இடம்பெற்றார். 2006இல் க. சுந்தர் வென்றார், 2011இல் வாலாஜாபாத் பா. கணேசன் வென்றார், 2016இலும் 2021இலும் மீண்டும் க. சுந்தர். கட்சி எது, யார் நல்லவர் என்பது என் பேச்சன்று. மூன்றாண்டு இடைவெளி வேண்டும் என்று கல்லில் எழுதிய ஊரில், இன்று அந்த விதி இல்லாதபோதும் மக்கள் சில சமயம் தாங்களே ஓர் இடைவெளி கொடுத்துவிடுகிறார்கள். காஞ்சிபுரத்தில் 1957இல் வென்ற அண்ணாவை 1962இல் அதே காஞ்சிபுரம் தோற்கடித்தது. ஐந்தாண்டில் அவர் முதலமைச்சரானார். இடைவெளி ஒருவரை அழித்துவிடுவதில்லை.

சட்டமன்ற உறுப்பினரிடம் பெட்டி நிறையப் பணம் இருப்பதாக நம்மவர்கள் நினைக்கிறார்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்பது உண்மை. அதில் ஒரு ரூபாயும் அவர் கைக்கு வருவதில்லை. அவர் பணிகளைப் பரிந்துரைப்பார். பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி அளிப்பார், ஒப்பந்தப்புள்ளி கோரப்படும், வேலை முடிந்ததும் அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், ஆழம் பதியப்படும், அதன் பிறகே பட்டியல் எங்கள் மேசைக்கு வரும். நல்ல உறுப்பினரின் திறமை நிதியில் இல்லை. எதைப் பரிந்துரைப்பது என்ற தேர்வில் இருக்கிறது. அத்தேர்வுக்கு ஏரிக்கரை தெரிந்திருக்க வேண்டும்.

என் பணிக்காலத்தில் பல உறுப்பினர்களைக் கண்டேன். இருவரை மட்டும் சொல்கிறேன்; பெயரும் தொகுதியும் வேண்டா. ஒருவர் ஆய்வுக் கூட்டத்திற்கு வரும்போதே கல்வெட்டு தயாரா என்று கேட்பார். அவர் கேட்டது திறப்பு விழாவுக்குப் பதிக்கும் பளிங்குக் கல்லை. நிழற்குடை கட்டுவதில் அவருக்கு மிகுந்த ஆர்வம். பேருந்தே வராத ஒரு திருப்பத்தில்கூட அவர் பெயர் தாங்கிய நிழற்குடை ஒன்று நிற்கிறது. ஆடுகள் பயன்படுத்துகின்றன.

மற்றவர் ஊராட்சித் தலைவராக இருந்து, பிறகு ஒன்றியக் குழுவுக்கு வந்து, அதன்பின் சட்டமன்றம் சென்றவர். ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலை அலுவலகத்திற்கு வந்தார். வேட்டியில் முழங்கால்வரை சேறு. ஓர் ஏரியின் வரத்துக் கால்வாயில் ஒரு குறுக்குப் பாலத்தின் குழாய் சிறிதாகப் போட்டுவிட்டார்கள், அதனால் நீர் பின்வாங்கி ஆதிதிராவிடர் குடியிருப்பில் ஏறுகிறது என்றார். பொறியாளர், மதிப்பீட்டின்படிதான் குழாய் போட்டோம் என்றார். உறுப்பினர் கோபிக்கவில்லை. “மதிப்பீட்ட நான் பாக்கல. தண்ணியப் பாத்துட்டு வந்தேன்” என்றார். அந்தப் பாலம் மறு ஆண்டு மாற்றப்பட்டது. அதற்குக் கல் எதுவும் பதிக்கவில்லை. அடுத்த தேர்தலில் அவர் தோற்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏரி வாரியம் கண்டவர் எல்லோரும் வெல்வார் என்று நான் சொல்ல வரவில்லை.

இன்றைய சட்டத்திலும் கணக்குக்கு ஒரு விதி இருக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தேர்தலில் நின்றவர் முடிவு வெளியான 30 நாளுக்குள் தம் செலவுக் கணக்கைத் தர வேண்டும். தகுந்த காரணமின்றித் தராவிட்டால் தேர்தல் ஆணையம் அவரை மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்யலாம். நம் மாநிலத்தில் சட்டமன்ற வேட்பாளர் செலவு வரம்பு 2022 முதல் 40 இலட்சம். அந்த விதியைப் படித்தபோது உத்திரமேரூரின் எதிரொலி கேட்டது. ஆனால் எதிரொலி மெலிந்திருக்கிறது. இது தேர்தலில் செலவழித்த கணக்கு. பதவியில் இருந்தபோது செய்த கணக்கு அன்று. மைத்துனரையும் இது தொடுவதில்லை!

நாம் எங்கே நிற்கிறோம்? 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழகச் சமணர் 89,265 பேர். அதில் வடக்கிலிருந்து வந்து குடியேறியோரும் அடக்கம். 234 தொகுதிகளில் எதிலும் நம் வாக்கால் ஒருவர் வெல்லவோ தோற்கவோ போவதில்லை. “நமக்கென்று ஓர் எம்.எல்.ஏ. இல்லையே” என்று கூட்டந்தோறும் ஒரு பெருமூச்சு எழுகிறது. எனக்கு அந்தப் பெருமூச்சில் உடன்பாடு இல்லை. உயிர்ப்பலித் தடுப்புச் சட்டம் 1950இல் சென்னை மாநிலத்தில் வந்ததே, அதற்கு ஊர் ஊராகச் சென்று பேசி மனங்களை ஆயத்தப்படுத்தியவர்களில் முன்னின்றவர் நம் ஜீவபந்து ஸ்ரீபால் அவர்கள். எத்தனை வாக்கு அவர் பின்னால் இருந்தது?

இன்னும் பின்னே சென்றால், திருப்பருத்திக்குன்றத்திலே ஒருவர் நிற்கிறார். விசயநகர அமைச்சரும் தண்டநாயகருமான இருகப்பர், நம் சமயத்தவர். 1382இல் மாவண்டூர்ப் பற்றில் இருந்த மகேந்திரமங்கலம் என்ற ஊரை ஜினகாஞ்சித் திருக்கோயிலுக்குக் கொடுத்தார். 1387இல் தம் குரு புஷ்பசேனரின் சொற்படி அங்கு மண்டபம் எழுப்பினார். வடமொழியில் நானார்த்த ரத்தினமாலை என்ற அகராதியும் செய்தார். அவரை யாரும் ஓலையெடுத்துத் தேர்ந்ததில்லை. அரசன் தந்த பதவி. ஆயினும் என்ன கொடுத்தார், எந்த ஊரிலிருந்து, யார் நன்மைக்காக, யார் சொல்லி என்பதைச் சுவரில் எழுதிவிட்டுப் போனார். ஓவியம் காண அந்த மண்டபத்திற்குப் போகும்போது விட்டத்தையே அண்ணாந்து பார்க்கிறோம். கண்ணைச் சற்றே தாழ்த்தி அந்த எழுத்தையும் பார்த்து வாருங்கள்.

நமக்கு உறுப்பினர் இல்லை என்பதன்று குறை. உறுப்பினரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் குறை. கடந்த சில ஆண்டுகளில் நம் ஊர்களிலிருந்து சென்ற விண்ணப்பங்களில் பெரும்பாலானவை சுற்றுச்சுவர், நுழைவாயில் வளைவு, உயர்மின் கோபுர விளக்கு. ஜினாலயத்தைச் சுற்றி வாழும் மற்ற ஊராருக்கும் பயன்படும் ஒரு பொருளை நாம் கேட்டோமா? குளத்தைக் கேட்டோமா? பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைக் கேட்டோமா? ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே ஊராட்சியின் வரவு செலவு வைக்கப்படுகிறது. யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். கால் வேலி நிலம் வேண்டா, வேதம் வேண்டா, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். சென்னையிலும் பெங்களூரிலும் வாழும் நம் இளைஞர்கள் பொங்கலுக்கும் முக்குடைக்கும் ஊர் வருகிறார்கள். பத்து நாள் தள்ளிச் சனவரி 26இலும் வரலாம். பெயரை நகரத்துப் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டவர்கள் வந்து பின்னால் நின்று கேட்கவாவது கேட்கலாம்.

அதற்கு முன், நம் வீட்டுக் கணக்கு. இந்த அறக்கட்டளையில் பொறுப்பில் இருப்போரைக் குறை சொல்ல நான் வரவில்லை; அவர்கள் உழைப்பு இல்லையேல் இந்தப் பந்தல் இல்லை. ஆனால் ஒரே பெயர்கள் பல ஆண்டாக மலரில் அச்சாகின்றன. வேறு யாரும் முன்வரவில்லை என்று அவர்கள் சொல்வது உண்மை. யாரும் முன்வராததற்கு இடைவெளியே விடாததும் ஒரு காரணம் என்பதும் உண்மை. புதியவர்களை எடுத்தவுடன் தலைவராக்க வேண்டா. திருக்குளத்தையோ உதவித்தொகைக் குழுவையோ ஓராண்டு பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதைச் செய்து கணக்குக் கொடுத்தவர் மேலே வரட்டும்.

தலைவர் அவர்களிடம் முன்கூட்டியே இசைவு பெற்றிருக்கிறேன். மதிய உணவுக்குப் பின் மூன்று மணிக்கு, சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக் குழுவின் கணக்கு இதே மேடையில் படிக்கப்படும். அந்தக் குழுவின் கணக்கைப் பார்த்தவன் நான். நானே படிக்கிறேன், வேறொருவரை விடப்போவதில்லை. சீட்டுகள் அனைத்தும் வாயிலருகே உள்ள மேசையில் கட்டாக இருக்கின்றன. என் மைத்துனரும் வந்திருக்கிறார். கூட்டல் சரியா என்று அவர்தான் பார்க்கப்போகிறார். ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். சாப்பிட்டவுடன் பேருந்து ஏறிவிடாதீர்கள்.